பணியிடமும் மெய்ப்பாடும்

வேலைக்கு வருவோர் மனக்கவலைகளை வாயிலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது, புதிதாகப் பணியேற்கும் இளைஞர்க்கு மூத்தோர் கூறும் முதல் அறிவுரைகளுள் ஒன்று. கேட்பதற்கு நன்றாக இருக்கும் இவ்வறிவுரை நடைமுறைக்கு ஒவ்வாதது. காலணியைக் கழற்றி வைப்பதுபோல் மனத்தைக் கழற்றி வைக்க எவராலும் இயலாது. அன்றியும், பணியிடத்தில் எழும் உணர்வுகள் எல்லாம் வீட்டிலிருந்து வந்தவை அல்ல. நெரிசல் மிக்க பேருந்தில் சில்லறைக்காக வாக்குவாதம் செய்ய நேரும் நடத்துநரின் எரிச்சலும், இரவுப் பணியின் இறுதி மணிநேரத்தில் ஓய்வின்றி ஓடும் செவிலியரின் சலிப்பும், மாதக் கடைசியில் விற்பனை இலக்கை எட்டாத ஊழியரின் அச்சமும் வேலையே பிறப்பித்தவை. வேலை பிறப்பித்த உணர்வை வாயிலில் விட்டு வருமாறு எவ்வாறு கூறுவது?

உணர்வுகளை அறிந்து ஆள்வது ஒரு கல்வி என்னும் கருத்து இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. 1990ஆம் ஆண்டில் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்னும் உளவியலாளர் இருவர் இதனை 'உணர்வுசார் நுண்ணறிவு' என்னும் பொருள்படும் பெயரால் வரையறுத்தனர். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அப்பெயரைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. இதன் பின்னர் நிறுவனங்கள் பலவும் ஊழியர்க்குச் சினம் அடக்கவும் பொறுமை காக்கவும் பயிற்சி அளிக்கத் தொடங்கின. பயிற்சி வேண்டுவதே. ஆயினும் அது பெரும்பாலும் ஒரு பாதியோடு நின்றுவிடுகிறது. உணர்வை எவ்வாறு அடக்குவது என்று கற்பிக்கப்படுகிறது. அவ்வுணர்வு எதனால் எழுந்தது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை.

அவ்வினாவைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே எழுப்பியிருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்தில் தோன்றும் உணர்வு உடலின்வழி வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று கொண்டு, அதனை எட்டாக வகுக்கிறது. அச்சம், வெகுளி, அழுகை, நகை, உவகை, பெருமிதம், மருட்கை, இளிவரல் என்பன அவை. வகுத்ததோடு நில்லாமல், ஒவ்வொரு மெய்ப்பாடும் பிறக்கும் களன்கள் நான்கு என்றும் அது எடுத்துரைக்கிறது. வெகுளி பிறக்கும் களன்களாக அது கூறுவன உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், வைதும் அடித்தும் அலைத்தல், கொலை ஆகியவை. நான்கும் ஒருவருக்குப் பிறர் இழைக்கும் தீங்குகள். அச்சத்தின் களன்களோ தெய்வம், விலங்கு, கள்வர், தம் இறை என்பன. தெய்வத்துக்கும் விலங்குக்கும் திருடர்க்கும் அடுத்து, ஒருவர் தமக்குத் தலைவராக உள்ளவரைக் கண்டு அஞ்சுவதை இலக்கணமே ஒரு வகையாக எண்ணியிருப்பது நினைக்கத் தக்கது. தொல்காப்பியர் செய்யுளுக்கு இலக்கணம் வகுத்தாரேயன்றி அலுவலகத்துக்கு அன்று. எனினும், உணர்வைக் காணும்போது அதன் களனையும் உடன் காண வேண்டும் என்னும் அவரது முறை பணியிடத்துக்கும் பொருந்துவதே.

அச்சம்

தலைவர்மீது கொள்ளும் அச்சம் பணிவு போலத் தோற்றமளிக்கும். அதனாலேயே அதன் தீமை எளிதில் புலப்படுவதில்லை. அத்தீமை எத்தகையது என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்வு 1977ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று நடந்தது. அட்லாண்டிக் பெருங்கடலில் ஸ்பெயின் நாட்டுக்கு உரிய கானரித் தீவுகளுள் ஒன்று டெனெரிஃப். அன்று அண்டைத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கு இறங்க வேண்டிய விமானங்கள் பல டெனெரிஃபில் இருந்த சிறிய நிலையத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அவற்றுள் இரண்டு போயிங் 747 வகைப் பெருவிமானங்கள். ஒன்று நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்துக்கும் மற்றொன்று அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்துக்கும் உரியவை. மணிக்கணக்கில் காத்திருந்த பின்னர் அவை புறப்பட ஆயத்தமானபோது மூடுபனி ஓடுபாதையை மறைத்தது.

நெதர்லாந்து விமானத்தின் தலைமை விமானி தம் நிறுவனத்தின் முதன்மைப் பயிற்றுநர், பெரும்புகழ் பெற்றவர். அருகில் அமர்ந்திருந்த துணை விமானி 747 விமானத்தை ஓட்டும் தகுதி பெற்றதற்கான தேர்வை நடத்தியவரும் அவரே. அன்றைய பணிநேர வரம்பு கடந்துவிடுமோ என்னும் கவலை அவரை உறுத்திக்கொண்டிருந்தது. வரம்பை மீறுவது அந்நாட்டில் கடும் நடவடிக்கைக்கு உரிய குற்றம். ஓடுபாதையின் முனையில் விமானத்தை நிறுத்தியவுடனே அவர் அதனைச் செலுத்த முற்பட்டார். அனுமதி இன்னும் வரவில்லை என்று துணை விமானி சுட்டிக்காட்ட, நிறுத்திக்கொண்டார். பின்னர்க் கட்டுப்பாட்டுக் கோபுரம் வானில் செல்ல வேண்டிய வழியைத் தெரிவித்தது. அது புறப்படுவதற்கான அனுமதி அன்று. தலைமை விமானியோ அதனை அனுமதியாகக் கொண்டு விமானத்தைச் செலுத்தினார். ஒருமுறை தடுத்த துணை விமானி மறுமுறை தெளிவாகத் தடுக்கவில்லை. அமெரிக்க விமானம் அவ்வோடுபாதையிலேயே எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. வானொலி உரையாடலைக் கேட்டிருந்த விமானப் பொறியாளர், அது ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று ஐயத்தோடு வினவினார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகக் கூறினார். பொறியாளர் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. சில நொடிகளில் இரு விமானங்களும் மோதின. இறந்தோர் 583 பேர்.

இப்பேரிழப்புக்கு மூடுபனியும், ஒரே வேளையில் இருவர் பேசியதால் வானொலியில் எழுந்த இரைச்சலும், தெளிவற்ற சொற்களும் காரணங்களாயின. எனினும் விமானத்துறையினரை மிகுதியும் சிந்திக்கச் செய்தது அந்த அறையில் நிலவிய அமைதிதான். ஐயம் கொண்டவர் இருந்தார்; அவர் கொண்ட ஐயம் சரியானதாகவும் இருந்தது. தமக்கு மேலானவர் உறுதியாகப் பேசிய பின்னர் அதனை மீண்டும் வலியுறுத்தும் துணிவு அவருக்கு வாய்க்கவில்லை. கைத்திறனும் கல்வியும் குறைவற நிரம்பியிருந்த அவ்வறையில் குறைந்திருந்தது இதுவொன்றே.

1979இல் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய நாசா இவ்வகை விபத்துகளை ஆராய ஒரு பயிலரங்கத்தைக் கூட்டியது. 1981 முதல் விமான நிறுவனங்கள் புதுவகைப் பயிற்சியை மேற்கொண்டன. இளையோர் தம் ஐயத்தைத் தயங்காமல் சொல்லவும், முதல்முறை செவிசாய்க்கப்படாவிடில் மறுமுறை இன்னும் தெளிவாகச் சொல்லவும் பயிற்றுவிக்கப்பட்டனர். தலைமை விமானிகளுக்கும் பயிற்சி உண்டு என்பதே இதன் சிறப்பு. தம்மிடம் பிறர் அஞ்சாமல் பேசுமாறு செய்வது அவர்களது கடமைகளுள் ஒன்றாயிற்று. இம்முறை பின்னர் மருத்துவமனைகளுக்கும் பரவியது. உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியல், கத்தியை எடுப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் வாய்விட்டுக் கூற வேண்டும் என்கிறது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது வெற்றுச் சடங்காகத் தோன்றலாம். தொடக்கத்தில் ஒருமுறை பேசிவிட்ட செவிலியருக்கு, தவறு ஒன்றைக் காணும்போது மீண்டும் பேசுவது எளிதாகிறது.

வள்ளுவர் இதனை அரசனுக்கு உரிய பகுதியில் வைத்துப் பேசுவது வியப்புக்குரியது. மக்கள் அஞ்சும்படி நடவாமையை 'வெருவந்த செய்யாமை' என்னும் தனி அதிகாரமாகவே அவர் பொருட்பாலில் அமைத்திருக்கிறார். 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்திலோ, தன்னை இடித்துரைப்பார் இல்லாத அரசன் பகைவரே இல்லாவிடினும் கெடுவான் என்னும் கருத்தை முன்வைக்கிறார். டெனெரிஃப் ஓடுபாதையில் பகைவர் எவரும் இல்லை.

வெகுளி

பணியிட உணர்வுகளுள் மிகுதியாகப் பழிக்கப்படுவது சினம். பழிக்கத் தக்கதே, ஒரு நொடிச் சினம் பல்லாண்டு உறவைச் சிதைத்துவிடும். எனினும் சினத்தை அடக்குதல் என்னும்போது மக்கள் பெரும்பாலும் எண்ணுவது முகத்தில் காட்டாமையையே. காட்டாமை வேறு, தணிதல் வேறு. ஜேம்ஸ் கிராஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டை விளக்குகிறது. அருவருப்பூட்டும் படக்காட்சி ஒன்றைக் கண்டவர்களுள் ஒரு சாரார் தம் உணர்வை முகத்தில் காட்டாதிருக்குமாறு பணிக்கப்பட்டனர். மற்றொரு சாரார், காணும் காட்சியை வேறு நோக்கில், ஒரு மருத்துவரைப் போல விலகி நின்று எண்ணுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். முதல் சாராரின் முகம் அமைதியாக இருந்தது; ஆனால் அவர்கள் உணர்ந்த அருவருப்பு குறையவில்லை, உடலின் பதற்றக் குறிகளோ கூடின. இரண்டாம் சாராருக்கு உணர்வே தணிந்தது. முகத்தில் காட்டாதிருக்க முயல்பவர் அவ்வேளையில் கேட்டவற்றையும் கண்டவற்றையும் சரியாக நினைவில் கொள்வதில்லை என்பதைக் கிராஸும் ஜேன் ரிச்சர்ட்ஸ் என்பவரும் 2000ஆம் ஆண்டில் நிறுவினர். பல்லைக் கடித்துக்கொண்டு மேலாளரின் கடிந்துரையைக் கேட்டு நிற்கும் ஊழியர், எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று அவர் கூறியதைத் தவறவிடுவது இதனால்தான் போலும்.

சினம் தணிவதற்கு முதற்படி அதன் உண்மைப் பெயரை அறிதல். சினம் என்று சொல்லப்படுவதெல்லாம் சினம் அன்று. எரிச்சல், சலிப்பு, மனக்குறை, ஆற்றாமை, அழுக்காறு, மானக்கேடு எனத் தமிழில் அதனைப் பகுத்துக் காட்டும் சொற்கள் பல உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பலர்முன் இகழப்பட்ட எழுத்தர் ஒருவர் அன்று மாலை தமக்குக் கீழ்ப் பணிபுரிபவர்மீது சீறி விழுந்தால், அவரிடம் உள்ளது சினம் அன்று. தொல்காப்பியம் இளிவரல் என்று கூறும் இழிவுணர்வு. அதனை அவர் சினம் என்று எண்ணிப் பத்துவரை எண்ணிப் பார்த்தாலும் பயனில்லை. தாம் இகழப்பட்டதாக உணர்வதை உரியவரிடம் தனியே, அமைதியாக, நிகழ்ந்ததை மட்டும் குறிப்பிட்டுச் சொல்வதே தீர்வாகும். உணர்வுக்குப் பெயரிடுவதே அதன் வேகத்தைக் குறைக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. மாத்யூ லீபர்மன் என்பவரும் உடன் ஆய்ந்தோரும் 2007இல் வெளியிட்ட மூளை ஆய்வில், படத்தில் உள்ள முகம் காட்டும் உணர்வுக்கு உரிய சொல்லைத் தெரிவு செய்தவர்களின் மூளையில், அச்சம் முதலிய உணர்வுகளோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியின் இயக்கம் குறைந்தது. சொல்வளம் மிக்கவர்க்கு இது ஒரு நற்பேறு.

மின்னஞ்சலும் கட்செவி அஞ்சலும் வந்த பின்னர்ச் சினத்தின் இயல்பில் ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது. முன்னாளில் அலுவலகக் கடிதம் தட்டச்சு செய்யப்பட்டு, கையொப்பம் பெற்று, அஞ்சலில் சேர்வதற்குள் எழுதியவர் மனம் ஆறிவிடும். இன்று விரல் நுனியில் மறுமொழி பறந்துவிடுகிறது. அழித்தாலும் அதன் படப்பிடி பிறர் கைப்பேசியில் தங்கிவிடுகிறது. இரவில் எழுதிய மறுமொழியைக் காலையில் அனுப்புவது என்னும் எளிய வழக்கத்தைக் கைக்கொண்டவர்கள் பல வருத்தங்களிலிருந்து தப்பியிருக்கிறார்கள்.

பொறுமையை எவருக்குப் போதிப்பது என்னும் வினாவும் இங்கு எழுகிறது. வழக்கமாக அது கீழிருப்போர்க்கே போதிக்கப்படுகிறது. வள்ளுவர் 'வெகுளாமை' அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வேறு வழி காட்டுகிறார். தன் சினம் பலிக்கும் இடத்தில் அதனைக் காப்பவனே உண்மையில் சினம் காப்பவன். பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காவாவிட்டால் என்ன என்பது அவர் கருத்து. பலிக்காத இடத்துச் சினமும் தீதே என்று அடுத்த குறளில் அவர் கூறத் தவறவில்லை. பலிக்கும் இடத்துச் சினத்தைவிடத் தீயது வேறில்லை என்பதையும் உடன் வைக்கிறார். ஊழியரைப் பணிநீக்கம் செய்யும் அதிகாரம் உடைய மேலாளரின் சினமே பலிக்கும் இடத்துச் சினம். பொறுமைப் பயிற்சியை எந்த அறையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மற்றொன்றையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். அடக்கவே கூடாத உணர்வுகளும் பணியிடத்தில் உண்டு. உடன் பணிபுரிபவரின் தகாத பேச்சோ தீண்டலோ ஒரு பெண்ணுக்கு அச்சத்தையும் அருவருப்பையும் உண்டாக்கினால், அவ்வுணர்வைச் சமாளிக்கக் கற்றுக்கொள் என்று அவருக்கு அறிவுரை கூறுவது கொடுமை. அங்கே அவ்வுணர்வு ஒரு குற்றத்தை அறிவிக்கும் மணியோசை. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க இந்தியாவில் 2013ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வொரு நிறுவனமும் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்கிறது. அக்குழுவின் தலைமைப் பொறுப்பில் பெண் ஒருவரே இருத்தல் வேண்டும். பல நாள் பொறுத்துப் போனவர் என்று ஒரு பெண்ணைப் பாராட்டுவோர் இச்சட்டத்தின் நோக்கத்தை உணராதவர்.

முறுவல்

அச்சமும் சினமும் தாமே எழுபவை. ஆனால் சில வேலைகளில் ஓர் உணர்வை வரவழைத்துக் காட்டுவதே வேலையாக இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு விமானப் பணிப்பெண்களை நேரில் கண்டு ஆராய்ந்து 1983இல் ஒரு நூலை வெளியிட்டார். உடலுழைப்பு, மூளையுழைப்பு என்பவற்றோடு உணர்வுழைப்பு என்னும் மூன்றாவதும் உண்டு என்பது அவர் கண்ட முடிவு. பயணி இகழ்ந்து பேசினாலும் பணிப்பெண் முறுவல் மாறாமல் நிற்க வேண்டும். அம்முறுவல் ஊதியத்துக்காக விற்கப்படுவது. அந்நூலில் அவர் கடன் வசூலிப்போரையும் ஆராய்ந்தார். அவர்களுக்கு நேர்மாறான பயிற்சி. இரக்கம் எழுந்தாலும் கடுமை காட்டியாக வேண்டும். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நாள்தோறும் எட்டு மணிநேரம் வாழ்பவர், வேலை முடிந்த பின்னும் தம் முறுவல் உண்மையானதா என்று ஐயுறத் தொடங்குகிறார் என்பதே அவர் காட்டிய இழப்பு.

தமிழ்நாட்டில் இதனைக் காண விமானம் ஏற வேண்டியதில்லை. பெருநகரத் துணிக்கடை ஒன்றில் பண்டிகைக் காலத்தில் நுழைந்தால் போதும். ஐம்பது புடவைகளை விரித்துக் காட்டி, ஒன்றையும் வாங்காமல் எழுந்து செல்பவரையும் இன்முகத்தோடு வழியனுப்பிவிட்டு, விரித்தவற்றை மடித்து அடுக்குகிறார் விற்பனைப் பெண். அவரது முறுவல் சற்று வாடினால் மேற்பார்வையாளரின் பார்வை அவர்மீது விழுகிறது. அவருக்கு உணர்வு மேலாண்மைப் பயிற்சி அளிக்கலாம். மூச்சுப் பயிற்சியும் கற்பிக்கலாம். ஆனால் அவரது சோர்வின் களன் மனத்தில் இல்லை. காலில் இருக்கிறது.

இவ்வாறு காலையில் வந்ததுமுதல் கடையடைக்கும்வரை நின்றே பணிபுரிந்த பெண்கள் கேரளத்தில் உட்காரும் உரிமைக்காகப் போராடினர். கோழிக்கோட்டில் தொடங்கிய அப்போராட்டத்தின் பயனாக 2018இல் அம்மாநிலம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் புதிய பிரிவு ஒன்றைச் சேர்த்தது. பணியாளர் அனைவருக்கும் தக்க இருக்கை வசதி செய்யப்பட வேண்டும் என்றும், வேலைக்கிடையே கிடைக்கும் வாய்ப்புகளில் அவர்கள் அமர்ந்துகொள்ள இயலவேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. சட்டத்தின் சொற்களில் உணர்வு பற்றி ஏதும் இல்லை. ஆயினும் கால் ஓய்ந்தவரின் முகம் மலர்வதற்குப் பயிற்சி வேண்டியதில்லை. ஒரு முக்காலி பல சொற்பொழிவுகளுக்கு ஈடாகும்.

உலகச் சுகாதார நிறுவனமும் இதே நோக்கில் ஓரடி எடுத்து வைத்திருக்கிறது. வேலையில் ஏற்படும் முற்றிய சோர்வை, அதாவது ஆற்றல் வற்றி, வேலைமீது வெறுப்புற்று, செயல்திறன் குன்றும் நிலையை, அந்நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பில் விளக்கியுள்ளது. அதனை ஒரு நோயாகக் கொள்ளாமல் தொழில்சார்ந்த நிகழ்வு என்றே அது குறிக்கிறது. நீடித்த பணியிட அழுத்தம் உரிய முறையில் கையாளப்படாமையால் விளைவது என்பதே அது தரும் விளக்கம். சோர்ந்தவரை மட்டும் நோக்காமல் அவர் பணிபுரியும் இடத்தையும் நோக்குமாறு அவ்விளக்கம் அமைந்திருக்கிறது.

எல்லாப் பழியையும் நிறுவனத்தின்மீது சுமத்திவிடலாம் என்று இதற்குப் பொருளன்று. நல்ல ஊதியமும் இருக்கையும் ஓய்வும் உள்ள இடங்களிலும் ஒருவரது அழுக்காறோ முன்கோபமோ பிறரை வாட்டுவதுண்டு. அதனைத் திருத்திக்கொள்வது அவரவர் கடனே. ஆனால் தனிமனிதர் திருந்த வேண்டியது எது, பணியிடம் திருந்த வேண்டியது எது என்று பிரித்தறியாமல் இரண்டுக்கும் பொறுமை என்னும் ஒரே மருந்தைத் தருவது முறையாகாது.

துணிக்கடைக்குள் இருக்கை வந்துவிட்டது என்றே கொள்வோம். வாடிக்கையாளர் இல்லாத பிற்பகல் வேளையில் விற்பனைப் பெண் அதில் அமர்கிறார். தளத்தின் மறுகோடியில் மேற்பார்வையாளர் தலையை உயர்த்திப் பார்க்கிறார். அப்பார்வையைக் கண்டதும் அவர் எழுந்துவிடுகிறாரா, அமர்ந்தே இருக்கிறாரா என்பதைச் சட்டப் பிரிவு எதுவும் உறுதி செய்ய இயலாது. அது அந்த மேற்பார்வையாளரின் முகத்தைப் பொறுத்தது.